இரண்டு அப்பாத்துரைகளும் சங்ககிரிக் கோட்டையும்

எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில் சேலத்து நடைபாதைக் கடையொன்றில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. 'தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ்'. ஆசிரியர் ஏ. அப்பாதுரை. நம் பன்மொழிப் புலவர் இங்கிலீஷில் அரசியல் பாடநூலும் எழுதியிருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டு, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்துவிட்டேன். அறைக்கு வந்து புரட்டின பிறகுதான் ஆள் வேறு என்று தெரிந்தது. நான் நினைத்தவர் கா. அப்பாத்துரை. 'தென்னாட்டுப் போர்க்களங்கள்' எழுதியவர், ஹைதர் அலியின் வாழ்க்கையைத் தமிழில் சொன்னவர், அகராதி தொகுத்தவர், குமரிக்கண்டத்தைப் பற்றி எழுதி ஒரு தலைமுறையையே கனவு காண வைத்தவர். புத்தகத்தில் இருந்தவர் சென்னை லயோலா கல்லூரியில் அரசியல் சொல்லிக்கொடுத்து, பிறகு தில்லி போய், இந்தியாவில் சர்வதேச உறவுகள் என்கிற படிப்பைப் பல்கலைக்கழகத் துறையாக நிலைநிறுத்தியவர்களில் முன்னால் நிற்கிற ஏ. அப்பாதுரை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு முதலாமவரைத் தெரியும், இரண்டாமவரைத் தெரியாது. அரசியல் எம்.ஏ. படித்தவரிடம் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்.

ஏமாந்ததில் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பெயர்க் குழப்பம் வெகுநாள் மனசுக்குள் கிடந்து உறுத்தியது. போர், தூது, உடன்படிக்கை, எல்லை என்று இருவர் கையிலும் இருந்த சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் தமிழில் எழுதியதால் புலவரானார். மற்றவர் ஆங்கிலத்தில் எழுதியதால் அறிஞரானார். ஒருவரின் பக்கங்களில் மற்றவருக்கு இடமில்லை. ஒரே சென்னை மாகாணத்தின் அறிவுச் சூழலிலிருந்து புறப்பட்ட இரண்டு பாதைகள் ஏன் சந்திக்கவில்லை என்று கேட்டுப் பார்த்தால், ஓர் அறிவுத்துறையின் வரலாறும் அதன் மௌனங்களும் கொஞ்சம் பிடிபடுகின்றன. இந்த மௌனங்களின் விலையைக் கொடுத்தவர்களில் சேலம், நாமக்கல் சமவெளியின் ஜனங்களும் உண்டு என்பதால் எனக்கு இது வெறும் துறைசார் விவகாரம் இல்லை.

சர்வதேச உறவுகள் ரொம்பப் பழைய படிப்பு அல்ல. 1919இல் வேல்ஸில் அபெரிஸ்ட்வித் என்ற கடற்கரை ஊரின் கல்லூரியில், டேவிட் டேவிஸ் என்ற பணக்கார எம்.பி.யின் குடும்பம் கொடுத்த நிதியில், அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் பெயரால் ஒரு பேராசிரியர் இருக்கை உருவானது. ஆல்ஃபிரட் சிம்மர்ன் அதில் முதலில் உட்கார்ந்தார். (சுற்றிலும் வெல்ஷ் பேசுகிற ஊர் அது. பாடம் என்னவோ ஆங்கிலத்தில்தான். நமக்குப் பழக்கமான காட்சி.) உலகப் போர் இன்னொரு தடவை வராமலிருக்க என்ன வழி என்று யோசிக்கப் பிறந்த துறை இது என்பது அந்தத் துறை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாடல். 1936இல் அதே இருக்கைக்கு வந்த ஈ.எச். கார், மூன்று வருஷம் கழித்து வெளியிட்ட நூலில் இந்த நல்லெண்ணத்தை நார் நாராகக் கிழித்துப் போட்டார். ஆனால் அவரும் தொடாமல் விட்ட ஒரு பக்கம் உண்டு. அமெரிக்காவில் 1910இல் 'இன வளர்ச்சி இதழ்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். 1919இல் அதன் பெயர் 'சர்வதேச உறவுகள் இதழ்' என்று மாறிற்று. 1922இல் அது 'ஃபாரின் அஃபேர்ஸ்' ஏட்டோடு கலந்தது. ராபர்ட் வைட்டாலிஸ் 2015இல் வெளியிட்ட நூலில் இதைத் தோண்டி எடுத்துப் போட்ட பிறகு, கறுத்த ஜனங்களையும் பழுத்த ஜனங்களையும் எப்படி நிர்வகிப்பது என்ற கேள்வியும் இந்தத் துறையின் தொட்டிலில் கிடந்தது என்பதை மறுப்பது கஷ்டம். பேரரசின் கணக்குப்பிள்ளை வேலைக்குப் பின்னால் வந்த கௌரவமான பெயர் என்றும் சொல்லலாம்.

அதே 1919இல் வங்காளத்து பினய் குமார் சர்க்கார் அமெரிக்க அரசியல் அறிவியல் ஏட்டில் சர்வதேச உறவுகள் பற்றிய இந்துக் கோட்பாடு என்று ஒரு கட்டுரை எழுதினார். உங்களுக்கு மட்டும்தான் இது தெரியுமா, எங்களிடமும் உண்டு என்பது அதன் தொனி. அவர் கையில் இருந்த முக்கியமான துருப்புச்சீட்டு கௌடில்யர். அந்தச் சீட்டு அவர் கைக்குப் போன வழியில் நம் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழைநூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்துதான் ஆர். சாமசாஸ்திரி அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்து 1909இல் பதிப்பித்தார். 1915இல் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். பண்டிதரின் பெயரைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதற்கப்புறம் நூறு வருஷமாக இந்திய வெளியுறவுச் சிந்தனை என்று யார் வாய் திறந்தாலும் கௌடில்யரின் மண்டலக் கோட்பாடுதான் வருகிறது. பக்கத்து நாட்டுக்காரன் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன். 2014இல் கிஸ்ஸிஞ்சர்கூட தன் 'வேர்ல்டு ஆர்டர்' நூலில் அவரைச் சேர்த்துக்கொண்டார். தில்லியிலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அதே சமயத்தில் கௌடில்யர் பற்றி வரிசையாகக் கருத்தரங்கும் தொகுப்பும் கொண்டுவந்தது. ஜே.என்.யூ.வில் சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் வாங்கி, 2019இல் வெளியுறவு அமைச்சரான எஸ். ஜெய்சங்கர் 2020இல் எழுதின நூலில் மகாபாரதத்துக்குப் போனார், 2024இல் எழுதினதில் ராமாயணத்துக்கு. அவருடைய தகப்பனார் கே. சுப்ரமண்யம் திருச்சியில் பிறந்து சென்னையில் ரசாயனம் படித்தவர், மேற்சொன்ன பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தை இரண்டு தடவை தலைமையேற்று நடத்தியவர். தமிழ்ப் பெயர்கள் இந்த உலகத்தில் எங்கே பார்த்தாலும் இருக்கின்றன. தமிழ்ப் பிரதிதான் ஒன்றுகூட இல்லை.

சரி, அப்பாதுரைக்கு வருவோம். ஆரம்பத்தில் அவர் வெளியுறவு அறிஞர் இல்லை என்பது முக்கியம். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட அவருடைய ஆய்வு, கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவின் பொருளாதார நிலைமை பற்றியது. கல்வெட்டு, நிலம், வரி, வணிகக் குழு என்று மண்ணோடு புரண்ட படிப்பு. கடல் கடந்து வியாபாரம் பண்ணின வணிகக் குழுக்களைப் படித்த ஒருவர் சர்வதேச உறவுகளுக்குப் போகிறார் என்றால் அந்தச் சரக்கையும் கொண்டுபோவார் என்று நாம் எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு. 1943இல் தேஜ் பகதூர் சாப்ருவைத் தலைவராகக் கொண்டு உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் தோன்றியது. அடுத்த வருஷம் அப்பாதுரை அதன் பொதுச்செயலாளர் ஆனார். 1955இல் தில்லியில் சாப்ரு ஹவுஸ் கட்டிடம் திறக்கப்பட்டது, அதே வருஷம் குன்ஸ்ருவின் முயற்சியில் இந்திய சர்வதேச ஆய்வுப் பள்ளி ஆரம்பமானது, அதன் முதல் இயக்குநரும் அப்பாதுரைதான். 1959இல் பள்ளியின் ஏடு வெளிவர ஆரம்பித்தது. 1970இல் பள்ளி புதிதாகப் பிறந்த ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இன்று இந்தியாவில் இந்தப் படிப்பின் தாய்வீடு எது என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவது அங்கேதான்.

அந்தத் தலைமுறையின் உழைப்பைச் சும்மா சொல்லக் கூடாது. காலனியத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஒரு நாட்டில் சீனம், ரஷ்யா, மேற்காசியா, தென்கிழக்காசியா என்று பிரித்துக்கொண்டு, அந்தந்த மொழியைக் கற்று, ஆய்வு செய்கிற மாணவர்களை உருவாக்கினார்கள். ஆனால் ஓர் அறிவுத்துறை எந்த வாசலுக்கு எதிரே கட்டப்படுகிறதோ அந்த வாசலின் மொழியைத்தான் பேசும். வெளியுறவு அமைச்சகம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 'நமது நலன்' என்று அவர்கள் எழுதும்போது அந்த 'நாம்' யார் என்ற கேள்வி எழவே இல்லை. அரசும் தேசமும் ஜனங்களும் ஒரே ஆள் என்பது இந்தச் சொல்லாடலின் அடிப்படை நம்பிக்கை. பர்மிய மொழியும் அரபியும் கற்றுக்கொடுத்த அந்தத் துறைக்குத் தமிழ், ஆய்வு எழுதுகிற மொழியாகவோ ஆதாரம் தேடுகிற மொழியாகவோ தோன்றவில்லை.

*

சென்னையில் இன்னொரு சாத்தியம் கொஞ்ச காலம் இருந்தது. 1951இல் சார்ல்ஸ் ஹென்றி அலெக்ஸாண்ட்ரோவிச் என்ற போலந்துக்காரர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு சர்வதேசச் சட்டப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். பத்து வருஷம் இருந்தார். 1952 முதல் இங்கிருந்தே சர்வதேச விவகாரங்களுக்கான ஆண்டு மலர் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் செய்த காரியம் எளிமையானது. சட்டப் பேராசிரியர்கள் எழுதின தத்துவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரை போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் ஆசிய அரசர்களோடு போட்ட உடன்படிக்கைகளை எடுத்து வாசித்தார். அந்த ஏடுகளில் ஆசிய அரசர்கள் முழு இறைமை உள்ளவர்களாக, சமமானவர்களாகவே நடத்தப்பட்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பியச் சட்டப் பண்டிதர்கள் 'நாகரிக நாடுகளின் குடும்பம்' என்று வேலி போட்டு, முன்பு தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களை வேலிக்கு வெளியே தள்ளினார்கள். 1960இல் ஹேக் நகரில் ஆற்றிய உரைகளிலும் 1967இல் வந்த நூலிலும் இதை அவர் விவரித்தார். அவர் சொன்னதில் சிலது மிகை என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். இருக்கட்டும். ஒரு போலந்துக்காரருக்கு இது ஏன் கண்ணில் பட்டது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மூன்று வல்லரசுகள் பங்கு போட்டு வரைபடத்திலிருந்தே அழித்த நாடு போலந்து. 1793இல் ஒரு பங்கீடு, 1795இல் கடைசிப் பங்கீடு. ஓர் அரசு ஏடுகளில் எப்படிச் செத்துப்போகிறது என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

போலந்தின் 1793க்கு ஒரு வருஷம் முன்னால் நம் ஊரையும் ஓர் ஏட்டில் பங்கு போட்டார்கள்.

சங்ககிரி மலைக்கோட்டையைப் பற்றிச் சேலத்துக்காரர்களிடம் கேட்டால் தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட இடம் என்பார்கள். சரிதான். அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னால், 1792 மார்ச் 18ஆம் தேதி, அந்தக் கோட்டை ஒரு சர்வதேச உடன்படிக்கையின் அட்டவணையில் வரி வருமானக் கணக்கோடு இடம்பெற்றது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் கார்ன்வாலிஸ், நிஜாம், மராத்தியர் ஒரு பக்கமும் திப்பு மறுபக்கமுமாகப் போட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை அது. திப்பு தன் ராஜ்ஜியத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தர வேண்டும், அதுவரை இரண்டு பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளை ஒப்படைக்கிற காட்சியை ஆங்கில ஓவியர்கள் மாய்ந்து மாய்ந்து வரைந்தார்கள். அட்டவணையை யாரும் வரையவில்லை. அதில் பாராமகாலோடு சேலம், நாமக்கல், சங்ககிரி, ஆத்தூர், பரமத்தி என்று ஊர் ஊராகப் பெயர் போட்டு, எதிரே வருமானத்தை வராகன் கணக்கில் எழுதிக் கம்பெனியின் பங்கில் சேர்த்திருக்கிறது. ஊர் என்றால் அந்த வருமானம்தான். ஆட்களைப் பற்றி அட்டவணையில் பேச்சில்லை.

இந்தச் சமவெளிக்கு இது புதிதும் இல்லை. 1768இல் கம்பெனிப் படை இதே சேலத்தையும் நாமக்கல்லையும் பிடித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஹைதர் திருப்பிப் பிடித்தார். 1769இல் ஓர் உடன்படிக்கை, 1784இல் மங்களூரில் இன்னொன்று. 1792க்கு அப்புறம் கர்னல் ரீடு வந்து இறங்கினார், அவரோடு உதவியாளராக மன்றோ. நிலத்தை அளந்து, குடியானவனோடு நேரடியாக வரி பேசுகிற ரயத்துவாரி முறையின் ஒத்திகை இங்கேதான் நடந்தது. பின்னால் சென்னை மாகாணத்தில் பெரும்பகுதியை அந்த முறை பிடித்துக்கொண்டது. ஒரு வெளியுறவு ஆவணம் ஓர் ஊரின் களத்துமேடு வரை, நெல்லை அளக்கிற மரக்கால் வரை இறங்கி வருவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் பாராமகால் ஆவணங்களை வரலாற்றுக்காரர்கள் நிலவரித் திட்டத்துக்காகப் படித்தார்கள். சர்வதேச உறவுக்காரர்களுக்கு இது 'உள்ளூர் வரலாறு'. அலெக்ஸாண்ட்ரோவிச் 1961இல் சென்னையை விட்டுப் போனார், இந்தத் துறையின் மையம் முழுக்கத் தில்லிக்கு நகர்ந்தது, உடன்படிக்கைகளை வாசிக்கும் அந்தப் படிப்பு இங்கே பெரிதாகக் கிளைக்கவில்லை. அவருடைய கட்டுரைகளை ஆர்மிட்டேஜும் ஜெனிஃபர் பிட்ஸும் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட 2017 ஆக வேண்டியிருந்தது. சென்னையில் விளைந்ததை அங்கிருந்து இறக்குமதி பண்ணிக்கொள்கிறோம்.

*

தில்லியைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழ்த்துறைகள் செய்த காரியத்தையும் பார்க்க வேண்டும். வகுப்பில் எங்களுக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டை நடத்தினார்கள். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன பாட்டு. அவனுடைய ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பீலி சூடி அழகாக இருக்கின்றன, எங்கள் ஆளுடையதோ உடைந்துபோய்க் கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிற அர்த்தத்தில் அவள் பேசுகிறாள். எங்கள் பேராசிரியர் திணை பாடாண், துறை வாண்மங்கலம், இகழ்வதுபோலப் புகழ்தல் என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். பரீட்சையிலும் அதுதான் கேட்டார்கள். பகை அரசனின் படைபலத்தை நேரில் பார்வையிட அனுமதி பெற்ற ஒரு தூதர், பெண், பாணர் மரபைச் சேர்ந்தவள், எந்த அரசுக்கும் அதிகாரி அல்லாதவள், போரைத் தடுப்பதற்காகப் போரைப் பற்றிப் பேசுகிறாள். அணியிலக்கணம் இந்த அரசியலை முழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. தொல்காப்பியம் தலைவன் பிரிந்துபோகிற காரணங்களில் தூதையும் வைக்கிறது. அதையும் நாங்கள் பிரிவின் சோகமாக மட்டுமே படித்தோம். திருக்குறளில் தூது தனி அதிகாரம், 69ஆவது. பேச்சுப்போட்டிக்கு ஆகும்.

இந்தப் பிரதேசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையில் ஓரி. முள்ளூர்க் காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுக்கிறான். காரியின் கோவலூரை அதியமான் தாக்குகிறான். அப்புறம் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழிக்கிறான். ஒரு பெரிய அரசுக்கும் அதைச் சுற்றின சின்ன அரசுகளுக்கும் நடுவில் நடக்கிற இந்த ஆட்டத்தில் சின்னவன் பெரியவனுக்கு இன்னொரு சின்னவனைக் காவு கொடுக்கிறான், கடைசியில் எல்லோரையும் பெரியவன் சாப்பிடுகிறான். கௌடில்யரின் வட்டம் வெற்றி பெற நினைக்கிற அரசனை நடுவில் நிறுத்தி வரையப்பட்டது. கொல்லியிலிருந்தும் தகடூரிலிருந்தும் பார்த்தால் அதே வட்டம் விளிம்பிலிருந்து தெரிகிறது. 1981இல் ஜம்பையில் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று குறிப்பிடுகிறது. அசோகன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு தன் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சொன்ன சதியபுத்திரர் யார் என்ற பழைய வழக்கு அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. பாடலிபுத்திரத்தின் வெளியுறவுப் பட்டியலில் தகடூர் இருந்திருக்கிறது. ஐராவதம் மகாதேவனும் தொல்லியல்காரர்களும் இதைப் பற்றி எழுதினார்கள். சர்வதேச உறவுத் துறைகள் காதில் போட்டுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

இதை வைத்துக்கொண்டு 'தமிழ்க் கௌடில்யர்' ஒருவரைத் தயார் பண்ணிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. பினய் சர்க்கார் பண்ணினதை நாம் நூறு வருஷம் தாமதமாகப் பண்ணுவதில் புண்ணியமில்லை. உலகத்துக்கே ராஜதந்திரம் கற்றுக்கொடுத்தது வள்ளுவர்தான் என்று ஒரு மாநாடு, பொன்னாடை, மலர். தகடூர்ப் போரில் செத்தவன் எந்த ராஜதந்திரத்தைக் கண்டான்? எனக்கு வேண்டியது அட்டவணையில் பெயர் வந்த ஊரிலிருந்து அட்டவணையைப் படிக்கிற ஒரு படிப்பு.

*

அப்படிப் படிக்காததால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன்.

அப்பத்தாவோட சின்னப்பா ஒருத்தர் ராசிபுரம் பக்கத்திலிருந்து கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஆயிரமாயிரம் பேரில் ஒருவர். அவருடைய மகன் அங்கேயே பிறந்து, 1970களில் பெண்டாட்டி பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கி, ஊருக்கு வந்து சேர்ந்தார். எனக்குத் தாத்தா முறை. கண்டித் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். பிறந்த ஊரிலிருந்து ஏன் கிளம்பி வந்தீங்க என்று கேட்டால், "சாஸ்திரியும் அந்தம்மாவும் கணக்குப் பாத்துக்கிட்டாங்கப்பா" என்பார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் சொல் இல்லை.

1947 மார்ச்சில் தில்லியில் ஆசிய உறவுகள் மாநாடு நடந்தது. நடத்தியது மேலே சொன்ன உலக விவகாரக் கவுன்சில், அதன் பொதுச்செயலாளர் நம் அப்பாதுரை. விவாதப் பொருள்களில் ஆசிய நாடுகளுக்குள் ஜனங்கள் இடம்பெயர்வதும் இனப் பிரச்சினையும் ஒன்று. கண்டித் தாத்தாவின் குடும்பத்தைப் பற்றித்தான் பேசினார்கள் என்று சொல்லலாம், அவர் பெயர் தெரியாமல். அடுத்த வருஷமே இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக வெட்டினார்கள். சம்பந்தப்பட்ட ஜனங்களை யாரும் கலந்து பேசவில்லை. 1792 அட்டவணையில் ஊர்களை வராகனாக்கினார்கள், 1964இல் ஆட்களை இலக்கமாக்கினார்கள். ஒரே கைதான் எழுதினமாதிரி இருக்கிறது.

பல்கலைக்கழக அறிஞர்கள் இதைப் பற்றி எழுதாமல் இல்லை. இலங்கையில் ஷெல்டன் கொடிக்கார 1965இலேயே இந்திய–இலங்கை உறவு பற்றி நூல் எழுதினார். ஜே.என்.யூ.வில் ஊர்மிளா பட்னிஸ் இலங்கையைப் பற்றி வாழ்நாள் பூராவும் உழைத்தார், எஸ்.டி. முனி 1993இல் இனப் பிரச்சினையும் இந்தியாவும் பற்றி எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையத்தை உருவாக்கிய வி. சூரியநாராயண் 1994இல் கச்சத்தீவையும் பாக் நீரிணை மீனவர்களையும் பற்றி எழுதியது நிதானமான புத்தகம். மீனவன் எங்கே வலை போடுகிறான், இழுவைப்படகு கடலை என்ன செய்கிறது என்பதுவரை யோசித்தவர் அவர். இவையெல்லாம் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. தமிழ் வாசகனுக்குக் கச்சத்தீவு வந்து சேர்ந்தது மேடையிலிருந்து. மேடையில் நிதானத்துக்கு வேலை இல்லை. 1983 தொடங்கி 2009 வரை தமிழ்நாட்டின் மனசைப் பிடித்து ஆட்டிய ஒரே வெளியுறவுப் பிரச்சினையில், பல்கலைக்கழகத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளன்கூட இல்லாத ஒரு பெரிய வெளி கிடந்தது. அதைக் கோஷம் நிரப்பியது, பிறகு துக்கம் நிரப்பியது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் சங்கரன் கிருஷ்ணா 1999இல் வந்த தன் நூலில் இந்திய, இலங்கை அரசுகளின் தேசக் கட்டமைப்பையே கேள்விக்குட்படுத்தினார், 2001இல் ஒரு கட்டுரையில் சர்வதேச உறவுத் துறையின் இன மறதியைப் பற்றி எழுதினார். மறதியை அந்தத் துறை பாடமாகவே சொல்லித்தருகிறது என்பது அவர் வாதம். அவரையும் நாம் தமிழில் படிக்கவில்லை.

சொல் இல்லை என்றேன். கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். நாம் சர்வதேச, அகில உலக, அனைத்துலக, பன்னாட்டு என்று நாலு விதமாகப் பெயரடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தபோது, ஈழத்தமிழர்கள் 'சர்வதேசம்' என்று பெயர்ச்சொல்லாக்கிவிட்டார்கள். சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது, சர்வதேசம் கைவிட்டது, சர்வதேசத்திடம் கேட்போம். அங்கே அது ஓர் ஆள். காது இருக்கிறது, வாய் இருக்கிறது, முதுகைத் திருப்பிக்கொள்ளும். கோட்பாட்டுக்காரர்கள் 'சர்வதேசச் சமூகம்' என்று ஒன்று உண்டா இல்லையா என்று ஐம்பது வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒரு தாய் உச்சரிக்கிற விதத்தில் உண்டு, இல்லை இரண்டுமே இருக்கிறது. சர்வதேச உறவுகளுக்குத் தமிழில் ஒரு கருத்தாக்கம் பிறந்திருக்கிறது என்றால் அது இதுதான். அதைப் பெற்றது எந்தத் துறையும் இல்லை.

1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லில் இன்று வெளியுறவு பேசுகிறவர்கள் முட்டைக்காரர்கள். 2024இல் கத்தார் 60 கிராமுக்குக் குறைந்த முட்டை வேண்டாம் என்றது, ஓமன் அனுமதியை நிறுத்தியது, கன்டெய்னர்கள் ஓமன் துறைமுகத்தில் முடங்கின. டீக்கடையில் மஸ்கட் பேச்சாகத்தான் இருந்தது. இதே சமவெளியை ஆண்ட திப்பு மஸ்கட்டில் ஒரு வியாபார நிலையம் வைத்திருந்தான், அதன் பொறுப்பாளருக்கு அவன் எழுதின கடிதங்கள் அச்சில் உள்ளன என்று அங்கே ஒரு பண்ணைக்காரரிடம் சொன்னேன். "அப்ப அவரு என்னங்க அனுப்பினாரு?" என்று கேட்டார். சந்தனம், மிளகு, ஏலக்காய் என்றேன். "எடை பாத்து வாங்குவாங்களா?" என்றார்.

கண்டித் தாத்தா செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய டிரங்குப் பெட்டியில் கண்டியிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப அட்டையை உறை போட்டு வைத்திருந்தார். குடும்பத்தார் பெயர்களுக்கு மேலே ஓர் எண் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள், அந்த எண் என்ன தாத்தா என்று கேட்டேன். "அஞ்சே கால் லட்சத்துல நம்ம வீட்டுப் பங்கு" என்று சொல்லி அட்டையை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.